மேற்படி வேதகிரி

நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். மரக்காணத்திலிருந்து வானூர் வரை, குடும்ப வரலாறு எழுத வேண்டும், கோயில் வரலாறு எழுத வேண்டும் என்று எவர் நினைத்தாலும் அவருக்குச் சொல்லப்பட்ட பெயர் தெய்வசிகாமணி. இரண்டாவது பெயர் இல்லை. வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். பதினொரு குடும்ப வரலாறுகளும் ஏழு கோயில் வரலாறுகளும் என் பெயரில் அச்சேறியிருக்கின்றன. எந்த அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திடாமல், எழுத்தை மட்டுமே நம்பி இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். உப்பள முதலாளிகள் என்னைச் சாலையில் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுவார்கள். இதைத் தற்பெருமை என்று கொள்பவர்கள் கொள்ளட்டும். இது தெரியாவிட்டால் நான் எதை இழக்க நேர்ந்தது என்பது விளங்காது.

சுயமாக எழுதிப் பிழைப்பவனுக்கு ஓய்வு ஆணையை யாரும் அனுப்புவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவை நடந்தபோது அதை நானே எனக்கு வழங்கிக்கொண்டேன். அதன்பின் உள்ளூர் வரலாறு எழுதும் இளையவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து, தங்கள் அமைப்பின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றார்கள். "ஃப்ரீலான்சா எப்படி சார் சர்வைவ் பண்ணீங்க? கிளையண்ட்டை எப்படிப் பிடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் யாரையும் பிடித்ததில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கட்டுரையும் தரவில்லை. மலர் சென்ற மாதம் வெளிவந்துவிட்டது. அதைப் படித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்லூரிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்தேன், புதுச்சேரியில் இரண்டு ஆண்டுகள் தற்காலிக விரிவுரையாளர், மூன்றாம் ஆண்டு அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். அப்போது புதுச்சேரியில் ஒரு மாத இதழ் நடந்துகொண்டிருந்தது. நான் அறிந்த ஒரே மேலதிகாரி அதன் ஆசிரியர்தான். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர் எந்தக் கட்டுரையிலும் ஒரு சொல்லைக்கூட அடிக்கமாட்டார். சந்தேகம் தோன்றும் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். பதினைந்து நாள் கழித்துப் போனால் தாளை மேசைமேல் தள்ளி, "படிச்சுட்டேன்பா. புள்ளி வெச்சிருக்கேன்" என்பார். ஏன் வைத்தார் என்று சொல்லமாட்டார். கேட்டால் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாமே போய்த் தேடி, அந்தச் சொல் எதனால் நிற்கவில்லை என்று கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். என் முதல் கட்டுரையில் முப்பத்திரண்டு புள்ளிகள் இருந்தன. 'பழம்பெரும்' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் மூன்று. ஐந்தாம் ஆண்டில் புள்ளியில்லாத தாள் ஒன்று திரும்பி வந்தது. "இனிமே நீ பார்த்துக்குவ" என்றார். அன்று நான் மிகவும் பெருமைப்பட்டேன். பிறகு யோசித்தால், அன்றோடு என் எழுத்துக்குப் புள்ளி வைக்க ஆளில்லாமல் போயிற்று.

இதழ் நின்றதும் நான் மரக்காணத்துக்குத் திரும்பினேன். முதல் சில ஆண்டுகள் ஊரார் என்னை விளங்கிக்கொள்ளவில்லை. "ஃப்ரீலான்ஸுன்னா ஃப்ரீயா எழுதித் தருவீங்களா சார்?" என்று டீக்கடை ஏழுமலை கேட்டார், அது வெகுநாள் ஊர் வேடிக்கையாக இருந்தது. நான் சிரிக்கவில்லை. கோயில் குடமுழுக்குக்குத் தல வரலாறு எழுதித் தந்தேன். அதைப் படித்த உப்பளக்காரர் ஒருவர், "எங்க வகையறாவுக்கும் இந்த மாதிரி ஒண்ணு போடணும்" என்று வந்தார். ஒரு வீட்டில் புத்தகம் வந்தால் சம்பந்தி வீட்டாருக்கு அது பொறுக்காது. அடுத்த ஆண்டு அவர்கள் வருவார்கள். என் தொழில் வளர்ந்த வழி இதுதான். பிறருடைய பொறாமையில் வாழ்ந்தவன் நான் என்று சொன்னால் அது மிகையாகாது.

என் வேலைமுறை இது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அட்டை. பெயர், தகப்பன் பெயர், ஊர், சான்று என நான்கு வரிகள். வாய்ச்சொல் ஒன்று, எழுத்துச் சான்று ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தப் பெயர் வம்சாவளிப் படத்தில் ஏறும். ஒரு குடும்பத்தின் அட்டைகளை ஒரே நிற நூலால் கட்டுவேன். குண்டூசியோ கிளிப்போ உதவாது. உப்பங்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருவேறித் தாளைத் தின்றுவிடும். பத்திரம் ஒன்று கிடைத்தால் நகலெடுத்து, அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய வரிகளை மட்டும் அட்டைக்கு மாற்றிக்கொண்டு நகலைப் பெட்டியில் வைத்துவிடுவேன். 'வேண்டிய வரிகளை மட்டும்' என்பதை வாசகர் நினைவில் கொள்ளவும்.

இனி மெகருன்னிசாவைப் பற்றி.

அவர் கூனிமேட்டுக்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் இருபது ஆண்டுகள் தட்டச்சு செய்தவர். அந்த அலுவலகம் மூடப்பட்டதும், உப்பு வாரும் பெண்களைப் பற்றி ஒரு ஞாயிறு இணைப்பிதழில் எழுதினார். பேருந்து நிலையத்தில் நின்றபடியே அதைப் படித்தேன். மூன்று தகவல் பிழைகள் இருந்தன. அன்றே ஆசிரியருக்கு மூன்றையும் பட்டியலிட்டுக் கடிதம் அனுப்பினேன். அடுத்த வாரம் என் கடிதம் வெளியாயிற்று. அதற்குக் கீழே, "தெய்வசிகாமணி ஐயா எடுத்துக்காட்டிய மூன்றும் சரி. நன்றி" என்று அவருடைய இரண்டு வரிகள். ஊரில் எல்லாரும் அந்த இரண்டு வரிகளைப் பற்றியே பேசினார்கள். "எவ்ளோ தன்மையான பொம்பள பாருங்க சார்" என்று என்னிடமே சொன்னார்கள்.

பிறகு அவரும் குடும்ப வரலாறுகள் எழுதத் தொடங்கினார். அட்டை இல்லை, நூல் இல்லை; ஒரு நோட்டும் ஒரு செல்போனும். அடுக்களைக்குள் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவார். என்னிடம் பத்தே நிமிடம் பேசி எழுந்த வீடுகளில் அவருக்கு மதியச் சாப்பாடு போட்டார்கள். ஒருநாள் ஏழுமலை டீயை ஆற்றிக்கொண்டே, "சார், நீங்களும் குடும்பக் கதைதானே எழுதறீங்க? மெகர் அக்காவத் தெரியுமா உங்களுக்கு?" என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பொறாமை என்று இதற்குப் பெயர். அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு நாகரிகமான சொல்லைத் தேடிப் பார்த்தேன். என் தமிழில் கிடைக்கவில்லை.

வழக்குக்கு வருகிறேன்.

மரக்காணத்து உப்பளக்காரர் ராஜவேலுவின் குடும்ப வரலாற்றைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். என் புத்தகங்களில் அதுவே பெரிது. பங்காளி வீடுகள் அனைத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தார்கள். அதன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ராஜவேலுவின் முன்னோர் அப்பாவு என்பவருக்குச் சின்னசாமி என்று ஒரு தம்பி இருந்ததாகவும், வானூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் கலியபெருமாள் குடும்பம் அந்தச் சின்னசாமியின் வழி என்றும் எழுதியிருந்தேன். அதுவரை அந்த இரு வீட்டாருக்கும் உறவு எதுவும் தெரியாது. பெரிய உப்பளக் குடும்பத்துக்குப் பங்காளி என்று அச்சில் வந்ததில் கலியபெருமாளின் தகப்பனாருக்கு மகிழ்ச்சி. புத்தகத்தை வாங்கும்போது என் காலைத் தொட வந்தார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ராஜவேலுவின் மகள் தமிழரசியும் கலியபெருமாளின் மகன் பிரபுவும் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். இருவரும் புதுச்சேரியில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். இரு வீட்டுப் பெரியவர்களும் சாவுக்கு மட்டுமே போய் வந்ததால், பிள்ளைகள் ஒருவரையொருவர் முன்பு கண்டதில்லை. சாதி ஒன்று, வசதி குறைவில்லை. அச்சில் வந்த உறவு அப்போது யார் நினைவிலும் எழவில்லை; வீட்டில் சொன்னதும் இரு பக்கமும் சரி என்றார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும்போது ஒரு பங்காளி என் புத்தகத்தை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினார். பங்காளிப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அந்தக் கல்யாணம் நடக்காது.

ராஜவேலு மகளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், இதுல போட்டிருக்கறது ஷ்யூர்தானுங்களா?"

"எத்தனை வருஷமா என்னைத் தெரியும் உங்களுக்கு?"

"அதில்ல சார். ஒருவாட்டி செக் பண்ணிட்டா…"

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன்."

கதவருகே நின்ற தமிழரசி, "சார், அப்பா ஓகே சொல்லிட்டாரு. அவங்க வீட்லயும் ஓகே. குறுக்க நிக்கறது நீங்க மட்டுந்தான் சார்" என்றாள்.

"நானா நிக்கறேன்? ஆவணம் நிக்குதும்மா" என்றேன்.

அந்த வாக்கியம் அப்போது எனக்கு நிறைவளித்தது. மறுவாரம் ராஜவேலு தொலைபேசியில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவர் வீட்டில் கூடிப் பேசலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெகர் அக்காவும் வர்றாங்க சார். பொண்ணு போயிப் பார்த்திருக்குது" என்றார். வரவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் இல்லாத இடத்தில் அவர் என் புத்தகத்தைத் திறப்பார் என்ற எண்ணமே என்னைப் போக வைத்தது.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் அட்டைகளோடு போயிருந்தேன், இரண்டு கட்டுகள், பச்சை நூல். மெகருன்னிசா எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கலியபெருமாளின் மனைவி அஞ்சலையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். புத்தகத்தைத் தொடவில்லை.

"அக்கா, ராஜவேலு அண்ணன் அப்பா தவறுனாரே, அந்த வருஷம் உங்க வீட்ல பொங்கல் வெச்சீங்களா?"

"எங்கம்மா வெக்கறது?" என்றார் அஞ்சலை. "பங்காளி வூட்டுச் சாவாச்சே. அந்த வருஷம் பானையே எடுக்கல."

அந்தக் கேள்வியின் கூர்மை எனக்கு உடனே தைத்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆண்டு பொங்கல் கிடையாது. யார் யாருக்குப் பங்காளி என்று அறிய இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. எத்தனையோ ஆண்டு இதே வேலை செய்த எனக்கு, அந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்கு, அது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பொங்கல் வைக்காத வீட்டிலிருந்து வந்த ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எனினும் விடை எனக்குச் சாதகமாக வந்துவிட்டது. பேனாவை மூடிக்கொண்டு மெகருன்னிசாவின் முகம் வாடுகிறதா என்று பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

அவர் விடவில்லை. "அதுக்கு முந்தி? அண்ணனோட தாத்தா தவறுனப்போ?"

"அதுவா? ஊரெல்லாம் பேசுன சாவாச்சே. அப்பதான் நான் கல்யாணமாயி வந்த புதுசு. எனக்குத் தலைப்பொங்கல்மா அது! எங்கம்மா வூட்லருந்து சீரு வந்து எறங்குச்சே. எப்படி வெக்காம இருப்பாங்க?"

"அப்போ அவரு பங்காளி இல்லையாக்கா?"

"அப்ப யாருக்குத் தெரியும்? சாரு புஸ்தகம் போட்டாரு. அதுக்கப்புறந்தானே பங்காளின்னு தெரிஞ்சிது."

யாரோ சிரித்தார்கள். "பார்ரா, புஸ்தகத்தால தீட்டு வந்திருக்குது" என்றார் கலியபெருமாள்.

"பொங்கல் வெச்சதெல்லாம் ஆவணமாகாது. எழுத்துல இருக்கறதைப் பேசுங்க" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

மெகருன்னிசா அப்போதுதான் புத்தகத்தைக் கையில் எடுத்தார். முன்னட்டையின் உட்புறம், எனக்கு ஆதாரமான பத்திரத்தின் முதல் இரண்டு வரிகளைப் படமாக அச்சிட்டிருந்தேன். முன்னோர்கள் எட்டுப் பேர் கூட்டாக உப்பளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தபோது எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. பழைய பத்திரங்களில் 'மேற்படி' என்று முழுதாக எழுதமாட்டார்கள். ௸ என்று ஒரு குறி போடுவார்கள். அந்த இரண்டு வரிகள் இவை:

மரக்காணம் வேதகிரி குமாரர் அப்பாவு.
௸ வேதகிரி குமாரர் சின்னசாமி.

மேற்படி வேதகிரி, அதாவது முதல் வரியில் சொன்ன அதே வேதகிரி. ஆகவே அப்பாவும் சின்னசாமியும் அண்ணன் தம்பி. பதினான்கு ஆண்டுகளாக என் வாசிப்பு அது.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார் மெகருன்னிசா. "இருவது வருஷம் மேற்படி டைப் அடிச்சே என் விரலு தேஞ்சு போச்சு. ஊருக்குன்னா 'மேற்படி' போடுவோம். ஆளுக்குன்னா 'மேற்படியார்'. இங்க யார் இல்லையே சார். மேற்படி ஊரு, வேதகிரின்னு இன்னொருத்தரு. அப்படித்தான் எனக்குப் படுது."

ஒரே ஊரில் இரண்டு வேதகிரிகள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் நான்கு வேதகிரிகள்கூட இருக்கலாம்.

"இன்னிக்குப் பத்திர ஆபீஸ்ல இருக்கற வழக்கம் அந்தக் காலத்திலயும் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றேன். நியாயமான கேள்வி அது. இப்போதும் அப்படியே கருதுகிறேன்.

"சொல்ல முடியாது சார். மீதி வரியெல்லாம் பார்த்தா தெரிஞ்சிடும். முழுப் பத்திரம் இருக்குதா?"

மூலப் பத்திரம் ராஜவேலு வீட்டில் வெள்ளம் புகுந்தபோது கூழாகிவிட்டது. உலகத்தில் மிஞ்சியது என் நகல் ஒன்றே. அது எந்தப் பெட்டியில், எந்தக் கட்டுக்குக் கீழே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

"தேடிப் பார்க்கணும்" என்றேன்.

கலியபெருமாளின் அண்ணன் எழுந்தார். "இதோ பாருங்க. நாங்க தீட்டு காத்துட்டோம். காத்தது காத்ததுதான். எழுதுனவரே வந்து தப்புன்னு எழுதிக் குடுத்தா ஒத்துக்கறோம். இல்லன்னா நாளைக்கு விட்டு அடுத்த திங்கக்கிழமை பிரபுவுக்கு வேற எடத்துல பொண்ணு பார்க்கப் போறோம்." தமிழரசி என்னைப் பார்த்தாள், நான் அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நகலை எடுத்துச் சன்னலோரம் விரித்தேன். மெகருன்னிசா தவறு என்று நிறுவுவதற்காகவே எடுத்தேன். மூன்றாம் வரி: '௸ ஏகாம்பரம் குமாரர் நடேசன்.' ஏகாம்பரம் என்ற பெயர் அதற்கு மேலே எங்கும் இல்லை. இல்லாத ஒருவரை மேற்படி என்று எப்படிச் சொல்வார்கள்? அங்கே ௸ என்பது ஊரைத்தான் குறிக்க முடியும். ஏழாம் வரி கூனிமேட்டுப் பொன்னன் என்பவருடையது. எட்டாம் வரி: '௸யார் தம்பி கோவிந்தன்.' அண்ணன் தம்பியைக் குறிக்கவேண்டிய இடத்தில் அந்த எழுத்தர் 'யார்' போட்டு, 'தம்பி' என்றும் தெளிவாக எழுதியிருந்தார். ஒரே கை, ஒரே மை, ஒரே தாள். எனக்கு வேண்டிய இரண்டு வரிகளை அட்டைக்கு மாற்றிக்கொண்டு மற்ற ஆறு வரிகளைப் படிக்காமல் விட்டிருந்தேன். வானூருக்குக் குடிபோன கலியபெருமாள் வீட்டார் குலதெய்வத்தையும் மறந்துவிட்டவர்கள்; அந்த வழியிலும் சோதித்திருக்க இயலாது. வாய்ச்சொல் ஒன்று, எழுத்து ஒன்று என்பது என் விதி. இந்த ஒரு பெயருக்கு வாய்ச்சொல்லே வாங்கவில்லை. எழுத்து அவ்வளவு தெளிவாக இருப்பதாக நினைத்தேன்.

இவ்வளவும் தெரிந்துகொள்ள அந்த ஞாயிறு மாலையே போதுமானதாக இருந்தது. அடுத்த ஏழு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஏழு நாட்களும் என்ன செய்தேன் என்று எழுதுவது எனக்கு எளிதல்ல. நகலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அது கிடைக்கவில்லை என்று சொன்னால் கேட்க ஆளில்லை என்று கணக்கிட்டேன். பெண் பார்க்கப் போவது நடந்துவிட்டால் பிரச்சினை தானாக முடியும் என்றும் நினைத்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை அதில் கிடக்கிறது என்பது தெரிந்தே நினைத்தேன். என்னை உறுத்தியது அந்தப் பெண் அல்ல. "மெகர் அக்கா சொன்னது கரெக்டாயிடுச்சு" என்று ஏழுமலை கடையில் ஒலிக்கப்போகும் குரல்.

சனிக்கிழமை ஒரு வழி கண்டேன். பிழை என்ற சொல்லே இல்லாமல் ஒரு திருத்தக் குறிப்பு எழுதிவிடலாம். தாளை எடுத்து, "பின்னர் கிடைத்த சான்றுகளின்படி" என்று தொடங்கினேன். எல்லா ஆய்வாளர்களும் கையாளும் தொடர் அது. எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சான்று பின்னர் கிடைக்கவில்லை. பதினான்கு ஆண்டுகளாக என் பெட்டியில் இருந்தது. அதை மாற்றி "மறு ஆய்வில்" என்று எழுதினேன். முதல் ஆய்வே செய்யாதவனுக்கு மறு ஆய்வு ஏது? பிறருடைய பாட்டன் பூட்டனைப் பற்றி ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று வாழ்ந்தவன் நான். என்னைப் பற்றிய ஒரே ஒரு வரியில் பொய் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. அதை நற்குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கை பழகிவிட்டது, அவ்வளவே.

ஞாயிறு காலை நகலோடு ராஜவேலு வீட்டுக்குப் போனேன். உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்தார். மூன்றாம் வரியையும் எட்டாம் வரியையும் விரல் வைத்துக் காட்டினேன்.

"என் தப்புதான் ராஜவேலு. மீதி வரிங்களை நான் படிக்கல. அவங்க உங்க பங்காளி இல்லை."

அவர் தாளைக் கையில் வாங்கினார். "இது எப்ப சார் கெடச்சிது?"

"கிடைக்கல. என்கிட்டயேதான் இருந்துச்சு. போன ஞாயித்துக்கெழமையே பார்த்துட்டேன்."

உள்ளேயிருந்து வந்த தமிழரசி அவர் கையிலிருந்த தாளை வாங்கினாள். எட்டாம் வரி வரை படித்தாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். அடுத்த மூச்சில், "அப்பா, நான் மெகர் அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடறேன்" என்று உள்ளே ஓடினாள். பிரபுவுக்கு முன்னால் மெகருன்னிசாவுக்கு. சன்னல் வழியாக அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. ராஜவேலு காப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

கலியபெருமாளின் அண்ணன் கேட்டபடி எழுதிக் கொடுத்தேன். அத்தோடு நிற்கவில்லை. "நாற்பத்தொன்றாம் பக்கம் பிழையானது. பத்திரத்தை முழுதாகப் படிக்காமல் எழுதினேன்" என்று தொடங்கும் சீட்டு ஒன்றை அச்சடித்து, பிரதி இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் பசை டப்பாவோடு நானே போனேன். ஒரு வீட்டில் புத்தகத்துக்கு மஞ்சள் தடவிச் சாமி அலமாரியில் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் பீரோவின் கால் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்து ஒட்டிவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தேன். கலியபெருமாள் வீட்டில் அஞ்சலை நான் பசை தடவுவதை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"இத ஒட்டிட்டீங்க, சரி. உங்களால எங்களுக்கு ஒரு பொங்கல் போச்சே சார், அத எதுல ஒட்டுவீங்க?"

"காஞ்சதும் மூடி வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

வைகாசியில் திருமணம் நடந்தது. அழைப்பிதழ் வந்ததால் போனேன். மெகருன்னிசா மணமகள் வீட்டுப் பெண்களோடு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வந்து, "சார், அந்த எட்டாம் வரி எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க சொல்லலன்னா நான் சொன்னது நின்னிருக்காது" என்றார். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னார் என்றே நம்புகிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பிட்டு, மொய் எழுதி, மூன்றரை மணிப் பேருந்தில் திரும்பினேன்.

அதன்பின் எனக்கு இரண்டு புத்தகங்களே வந்தன. அவருக்கு எத்தனை வந்தன என்று நான் எண்ணுகிறேன். எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை. பத்திரத்தின் எல்லா வரிகளையும் அட்டையில் ஏற்றினேன். போன வீடுகளில் பொங்கல் கேள்வியையும் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அது யாருடைய கேள்வி என்பது நினைவுக்கு வரும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவ்வளவு நல்ல கேள்வி அது. இளையவர்களுக்குத் தொழில் குறிப்பு வேண்டுமென்றால் இவ்விரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் மரக்காணத்தில் மெகருன்னிசாவுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். நான் போகவில்லை. அன்று வெளியிட்ட மலரில் இந்த வழக்கைப் பற்றி ஒரு பக்கம் வந்திருக்கிறது. "மூத்த ஆய்வாளர் தெய்வசிகாமணியும் மெகருன்னிசாவும் இணைந்து பத்திரத்தை ஆராய்ந்து பிழையைக் கண்டறிந்தனர், மூத்தவர் பெருந்தன்மையோடு உடனே திருத்தினார்" என்று அதில் உள்ளது. என் மனம் கோணக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் தவறு. பிழையைக் கண்டவர் மெகருன்னிசா ஒருவரே. மற்ற ஆறு வரிகளை நான் படித்தது அவரைப் பொய்யாக்குவதற்காக. உடனே திருத்தவில்லை, ஏழு நாட்கள் மறைத்து வைத்திருந்தேன்.